‘நன்றாக இருக்கிறது’ என்றால் போதுமா? பொதுமக்களுக்கான இணையதளத்துக்குக் கருத்து சொல்வது எப்படி?

புகார் அளிக்க, விண்ணப்பத்தின் நிலையை அறிய, பொதுத் தகவல்களைத் தேடிப் பார்க்க மக்களுக்கு உதவும் இணையதளங்களைத் தன்னார்வக் குழுக்கள் பல நடத்துகின்றன. ‘சிவிக் டெக்’ என்று அழைக்கப்படும் இத்தகைய திட்டங்களில் தளத்தைப் புதுப்பிக்கும்போது, டிசைனைப் பார்த்துக் கருத்து சொல்லுங்கள் என்று பலரையும் அழைக்கிறார்கள். அப்படி அழைக்கப்பட்டவர்களும் அழைத்தவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

தெருவிளக்கு, சாலைக் குழி, குப்பை பற்றிப் புகார் செய்யும் தளத்தின் புது டிசைனை அனுப்பி, ‘பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்’ என்றார்கள். ‘நன்றாக இருக்கிறது, கொஞ்சம் நெரிசலாகத் தெரிகிறது’ என்று எழுதினேன். நன்றி சொன்னார்கள். எதுவும் மாறவில்லை. நான் என்ன எழுதியிருக்க வேண்டும்?
– ஒரு தன்னார்வலர்

‘நெரிசல்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு டிசைனர் எதை எடுப்பார், எதை நகர்த்துவார்? எந்தப் பக்கத்தில், எந்த வேலையைச் செய்யும்போது, எது கண்ணில் படாமல் போனது என்று தெரிந்தால்தான் அவரால் கை வைக்க முடியும்.

டிசைனைத் திறப்பதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, இது எந்தக் கட்டத்தில் இருக்கிறது. கோட்டு வரைவாக இருந்தால் பக்கங்களின் வரிசையையே மாற்றச் சொல்லலாம். நிரல் எழுதி முடித்திருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. இரண்டு, எவையெல்லாம் முடிவாகிவிட்டன. லோகோ, நிறம், வரைபடச் சேவை போன்றவை ஏற்கெனவே தீர்மானமாகியிருக்கலாம். அவற்றைப் பற்றி நீங்கள் எழுதும் ஒரு பக்கமும் வீண். மூன்று, இந்தத் தளத்துக்கு யார், எந்த வேலைக்காக வருகிறார்கள்.

பிறகு டிசைனை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் கைப்பேசியில் திறந்து, வேலையைச் செய்து பாருங்கள். ‘எரியாத தெருவிளக்கைப் பற்றிப் புகார் கொடு’, ‘போன வாரம் கொடுத்த புகாரின் நிலையைக் கண்டுபிடி’, ‘தவறான இடத்தைக் குறித்துவிட்டாய், திருத்து’ என்று மூன்று வேலைகளை எடுத்துக்கொண்டால் பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும். எங்கே தயங்கினீர்கள், எங்கே தவறான பட்டனைத் தொட்டீர்கள், எங்கே பின்னால் போனீர்கள் என்று அவ்வப்போதே குறித்துக்கொள்ளுங்கள். முடித்த பிறகு எழுதலாம் என்று விட்டால் தயங்கியதே மறந்துவிடும்.

எழுத்தில் ஒரு குறிப்பு இப்படி இருக்கலாம்:

‘புகார் படிவம், 2ஆம் படி. 360 பிக்சல் அகலமுள்ள ஆண்ட்ராய்டு போன், குரோம் உலாவி. இடத்தைக் குறித்த பின் கீழே போக விரலால் தள்ளினேன். பக்கம் நகரவில்லை, வரைபடம்தான் நகர்ந்தது. குறித்த இடமும் மாறிவிட்டது. வரைபடம் திரை முழுவதையும் அடைத்திருப்பதால், விரல் வைக்க வேறு இடமே இல்லை. ‘அடுத்து’ பட்டன் அதற்குக் கீழே இருக்கிறது. சிறிய போன் வைத்திருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்ட முடியாது. தீவிரம்: 4. யோசனை: வரைபடத்தின் உயரத்தைத் திரையில் பாதியாகக் குறைக்கலாம், அல்லது ‘அடுத்து’ பட்டனைத் திரையின் அடியில் நிலையாக வைக்கலாம்.’

இடம், கருவி, செய்தது, நடந்தது, காரணம், பாதிக்கப்படுபவர், தீவிரம், யோசனை என எல்லாம் இதில் வந்துவிட்டன. யோசனை கடைசியில் இருப்பதைக் கவனியுங்கள். சிக்கலைத் தெளிவாகச் சொல்லிவிட்டால், டிசைனருக்கு உங்களுடையதைவிட நல்ல தீர்வு தோன்றக்கூடும். ‘பட்டனைக் கீழே வையுங்கள்’ என்று மட்டும் எழுதினால், ஏன் என்று தெரியாமல் அவர் மறுத்துவிடுவார். சிக்கலும் அப்படியே தங்கிவிடும்.

தீவிரத்துக்கு, இணையதளங்களின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் யாக்கோப் நீல்சனின் 0 முதல் 4 வரையிலான அளவுகோல் வசதியானது. 0 என்றால் சிக்கலே அல்ல. 1 தோற்றக் குறை. 2 சிறு இடைஞ்சல். 3 கட்டாயம் சரிசெய்ய வேண்டியது. 4 இதைச் சரிசெய்யாமல் வெளியிடவே கூடாது. ஒரு குறிப்பில் ஒரு சிக்கல் மட்டும் இருக்கட்டும். ஐந்தைச் சேர்த்து ஒரே பத்தியில் எழுதினால், இரண்டைச் சரிசெய்துவிட்டு முழுவதும் முடிந்ததாகக் குறித்துவிடுவார்கள்.

நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லலாமா? அது ரசனை சார்ந்தது என்று ஒதுக்கிவிடுகிறார்களே?
– கல்லூரி மாணவி

பிடிக்கவில்லை என்றால் ரசனை. படிக்க முடியவில்லை என்றால் அளந்து காட்டலாம்.

மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோராலும் பயன்படுத்த முடிவதை ‘அணுகல்தன்மை’ என்பார்கள். இணையத்தில் அதற்கான பன்னாட்டு வழிகாட்டி, டபிள்யூ.சி.ஏ.ஜி. அதன் ‘ஏஏ’ எனப்படும் நடு நிலையில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வேறுபாட்டு விகிதம், இருக்க வேண்டும். 24 பிக்சலும் அதற்கு மேலும் உள்ள பெரிய எழுத்துக்கு 3:1 போதும். தடித்த எழுத்தானால் ஏறக்குறைய 19 பிக்சலிலிருந்தே இந்தச் சலுகை உண்டு. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற குறியீடு கொண்ட சாம்பல் நிறம் 4.54 பெற்றுத் தேறுகிறது. அதைவிட ஒரே ஒரு படி வெளிறிய #777777 ஏறக்குறைய 4.48தான், தேறாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் ‘மங்கலாக இருக்கிறது’ என்பதைவிட எண்ணைச் சொல்வது நல்லது. குரோமில் அந்த எழுத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ திறந்து, எழுத்து நிறத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் கட்டத்தைத் தொட்டால் விகிதத்தைக் காட்டிவிடும்.

எழுத்தோடு நிறுத்திவிடாதீர்கள். உள்ளீட்டுப் பெட்டியின் ஓரக்கோடு, தேர்வுக் கட்டம், பொருள் தரும் ஐகான் ஆகியவற்றுக்கும் 3:1 தேவை. வெளிறிய கோடுகளால் வரைந்த பெட்டிகள் டிசைனரின் நல்ல மானிட்டரில் நாகரிகமாகத் தெரியும். வெயிலில் நின்று குழியைப் படம் எடுப்பவரின் போனில் அவை இருக்கிற இடமே தெரியாது.

நிறத்தை மட்டுமே நம்பியிருக்கும் இடங்களையும் தேடுங்கள். வரைபடத்தில் சரிசெய்தவற்றுக்குப் பச்சைப் புள்ளி, நிலுவைக்குச் சிவப்புப் புள்ளி என்று வைத்தால், சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்கு எல்லாப் புள்ளியும் ஒன்றுதான். வடிவத்தையும் மாற்றச் சொல்லுங்கள்: ஒன்றுக்கு டிக் குறி, மற்றொன்றுக்கு ஆச்சரியக்குறி.

முகப்பில் பெரிய பேனர், எங்கள் நோக்கம், குழுவின் படங்கள், விருதுகள், பிறகுதான் ‘புகார் செய்க’. குழுவினர் இதில் பெருமிதம் கொள்கிறார்கள். எப்படி எடுத்துச் சொல்வது?
– குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்

குழுவுக்கு நன்கொடையாளர்களிடமும் அரசு அலுவலர்களிடமும் தன்னை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. அது நியாயமான தேவை. ஆனால் அவர்கள் எத்தனை பேர், புகார் செய்ய வருகிறவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்குத் தளத்திடமே பதில் இருக்கிறது. எந்தப் பக்கங்கள் அதிகம் பார்க்கப்படுகின்றன, தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியில் என்ன சொற்களைத் தட்டுகிறார்கள், மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் எதைக் கேட்கிறார்கள் என்ற மூன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு பேசுங்கள். ‘என் புகார் என்ன ஆச்சு’ என்று கேட்டு நிறைய மின்னஞ்சல்கள் வந்திருந்தால், நிலை அறியும் பெட்டி முகப்பின் மேல்பகுதியில் இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

பிரிட்டன் அரசின் சேவைகளை ஒரே இடத்தில் கொண்டுவந்த ‘கவ்.யூகே’ தளம் 2012இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய குழுவின் வடிவமைப்புக் கொள்கைகளில் முதலாவது, பயனரின் தேவையிலிருந்து தொடங்கு என்பது. அந்தத் தளத்தின் முகப்பில் அலங்காரம் மிகக் குறைவு. குழுவினரிடம் இந்த எடுத்துக்காட்டைக் காட்டலாம்.

பேனர் வாசகத்தையும் பாருங்கள். ‘தொழில்நுட்பத்தால் மாற்றம் காண்போம்’ என்ற வரியைப் படித்துவிட்டு, அங்கே என்ன செய்யலாம் என்று யாராலும் சொல்ல முடியாது. ‘உங்கள் தெருவில் விளக்கு எரியவில்லையா, சாலையில் குழியா? இங்கே புகார் செய்யுங்கள்’ என்றால் வேலை முடிந்தது. சோதித்துப் பார்ப்பது எளிது: தளத்தை அறியாத ஒருவருக்கு முகப்பை ஐந்து விநாடி காட்டி மூடிவிடுங்கள். ‘இங்கே என்ன செய்யலாம்?’ என்று கேளுங்கள். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். உங்கள் கருத்தைவிட அதற்கு எடை அதிகம்.

பேனர் தானாக நகரும் வகையாக இருந்தால் இன்னொரு விதியும் உண்டு. தானாகத் தொடங்கி, வேறு உள்ளடக்கத்தோடு சேர்ந்து காட்டப்பட்டு, ஐந்து விநாடிக்கு மேல் ஓடும் எதையும் நிறுத்துவதற்கு வழி இருக்க வேண்டும். மெதுவாகப் படிப்பவர் முதல் வரியை முடிப்பதற்குள் படம் மாறிவிடுகிறது என்பது இதன் பின்னால் உள்ள காரணங்களில் ஒன்று.

புகார் படிவத்தைப் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– மென்பொருள் சோதனையாளர்

முழு நேரத்தையும் இதற்கே கொடுங்கள். முகப்பு சுமாராக இருந்தாலும் மக்கள் சமாளித்துவிடுவார்கள். படிவம் சுமாராக இருந்தால் புகார் வந்து சேராது. வணிகத் தளம் சரியில்லை என்றால் வேறு கடைக்குப் போகலாம். பொதுச் சேவைக்கு மாற்று இல்லை.

முதலில் வரிசை. தளத்துக்குள் நுழைந்ததும் ‘லாகின் செய்க’ என்று மறிக்கிறதா? அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தபோது, திட்டங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே முதலில் கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது. கணக்குத் தொடங்கும் அந்த வாசலிலேயே நெரிசல் ஏற்பட்டுப் பெருந்திரளானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். புகார்த் தளத்தில் இடம், பிரச்சினை, படம் ஆகியவற்றை முதலில் வாங்கிவிட்டுத் தொலைபேசி எண்ணைக் கடைசியில் கேட்பதே சரி. பாதி வேலை முடித்தவர் எண்ணைக் கொடுக்கத் தயங்க மாட்டார்.

அடுத்து, பிரச்சினையின் வகைப் பட்டியல். ‘மின் பிரிவு’, ‘பொறியியல் பிரிவு’, ‘சுகாதாரப் பிரிவு’ என்று அலுவலகத்தின் கட்டமைப்பை அப்படியே காட்டியிருப்பார்கள். தேங்கி நிற்கும் சாக்கடை நீர் இதில் எந்தப் பிரிவு? வந்தவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ‘விளக்கு எரியவில்லை’, ‘தண்ணீர் தேங்கியிருக்கிறது’ என்று பிரச்சினையின் பெயரில் பட்டியல் இருக்கட்டும். பிரிவை மென்பொருள் தீர்மானிக்கட்டும். பிரிட்டனில் மைசொசைட்டி அமைப்பு 2007இல் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளம் இந்த வழியில்தான் நடக்கிறது. இடத்தையும் பிரச்சினையின் வகையையும் காட்டினால் போதும், அது எந்த உள்ளாட்சியின் பொறுப்பு என்பதைத் தளமே கண்டுபிடித்து அனுப்பிவிடும்.

இடம் குறிக்கும் படியில் ஜிபிஎஸ்ஸை நம்பி விட்டுவிட்டார்களா என்று பாருங்கள். உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் வீட்டுக்குள்ளும் அது பல மீட்டர் தள்ளிக் காட்டும். குறியை விரலால் நகர்த்தித் திருத்த முடிய வேண்டும். முகவரியையோ அடையாளத்தையோ தட்டச்சு செய்யவும் வழி வேண்டும். இருப்பிட அனுமதியை மறுத்துவிட்டும் ஒருமுறை சோதியுங்கள். பல தளங்கள் அந்த நிலையில் வெற்றுத் திரையைக் காட்டுகின்றன.

படம். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்று சில எம்பி அளவில் இருக்கிறது. அதை அப்படியே ஏற்றினால் மெதுவான இணைப்பில் நிமிடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். பயனர் பொறுமையிழந்து மறுபடி ‘அனுப்பு’ அழுத்துவார். ஒரே புகார் இரண்டாகும். அனுப்பும் முன் உலாவியிலேயே படத்தைச் சுருக்கச் சொல்லுங்கள். ஏற்றம் எவ்வளவு ஆகியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். முதல் அழுத்தலுக்குப் பின் வரும் அழுத்தலைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இன்னொன்று: கைப்பேசிப் படக் கோப்புக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கலாம். வீட்டு வாசலில் நின்று எடுத்தவரின் வீட்டை அது காட்டிக்கொடுக்கும். படத்தைப் பொதுவில் காட்டும் தளமாக இருந்தால் அந்தத் தகவலை நீக்கிவிட்டு வெளியிடுகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். புகார் கொடுத்தவரின் பெயரை மறைக்கும் வசதி இருக்கிறதா, அது கண்ணில் படும் இடத்தில் இருக்கிறதா என்பதும் இதோடு சேர்ந்தது.

ஓடிபி கேட்கும் இடத்தில்தான் பலரும் தோற்கிறார்கள். எண்ணைப் பார்க்கக் குறுஞ்செய்தி செயலிக்குப் போய்த் திரும்பும்போது, நினைவகம் குறைந்த போனில் உலாவி அந்தப் பக்கத்தை மறுபடி ஏற்றிவிடும். எழுதியதெல்லாம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு படியிலும் தகவல் சேமிக்கப்பட வேண்டும். சோதிப்பது எப்படி? பாதி நிரப்பிவிட்டு வேறு செயலிகள் நாலைந்தைத் திறந்து மூடித் திரும்பி வாருங்கள். பின்செல்லும் பட்டனையும் அழுத்திப் பாருங்கள்.

சிறியவை, ஆனால் எரிச்சலூட்டுபவை: உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் ஐபோனின் சஃபாரி அதைத் தொட்டதும் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும். தொலைபேசி எண்ணுக்கு எண் விசைப்பலகை திறக்க வேண்டும். அதற்காக அந்தப் பெட்டியை ‘நம்பர்’ வகையாக வைத்துவிட்டால், கணக்கிடும் எண்ணாக எடுத்துக்கொண்டு முதலில் வரும் பூஜ்யம் தொலைய வாய்ப்புண்டு. பெட்டிக்குள் மங்கலாக எழுதிய குறிப்பையே தலைப்பாக வைத்திருந்தால், தட்டச்சு தொடங்கியதும் அது மறைந்து, எதற்கு எழுதுகிறோம் என்பது தெரியாமல் போகும். உறுதி கேட்கும் பெட்டியில் ‘புகாரை ரத்து செய்யவா?’ என்ற கேள்விக்குக் கீழே ‘ரத்து’, ‘சரி’ என்று இரண்டு பட்டன்கள் இருந்தால் எதை அழுத்துவது? ‘புகாரை நீக்கு’, ‘புகார் இருக்கட்டும்’ என்று செயலையே எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, அனுப்பிய பிறகு வரும் பக்கம். ‘நன்றி’ மட்டும் இருந்தால் தீவிரம் 3 போடுங்கள். புகார் எண், யாருக்குப் போயிருக்கிறது, அடுத்து என்ன நடக்கும், நிலையை எங்கே பார்ப்பது என்ற நான்கும் அங்கே இருக்க வேண்டும். அலுவலகம் ‘முடிந்தது’ என்று குறித்தும் குழி அப்படியே இருந்தால் என்ன செய்வது? ‘இன்னும் சரியாகவில்லை’ என்ற பட்டன் இல்லாத தளம் புகாரை மூடுவதற்கு மட்டுமே உதவும். ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்டில், புகார் கொடுத்து 4 வாரம் ஆனதும் சரியாகிவிட்டதா என்று கொடுத்தவரிடமே கேட்கிறார்கள்.

டிசைன் ஆங்கிலத்தில் அழகாக இருந்தது. தமிழைப் போட்டதும் எல்லாம் உடைகிறது. தமிழைச் சுருக்கு என்கிறார்கள்.
– மொழிபெயர்ப்பாளர்

சுருக்கக்கூடியதைச் சுருக்குங்கள். மற்றபடி இது டிசைனின் குறை, மொழியின் குறை அல்ல. உண்மையான தமிழ் வாசகங்களை, அதிலும் மிக நீளமானவற்றை, முதல் நாளே டிசைனில் போட்டுப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். இப்போதும் ஒரு பட்டியல் கொடுங்கள்: ஒவ்வொரு பட்டனுக்கும் மெனு வரிக்கும் வரக்கூடிய மிக நீண்ட தமிழ் வாசகம். அதை 320 பிக்சல் அகலத்தில் வைத்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். பட்டனின் அகலத்தை நிலையாக வைக்காமல் வாசகத்துக்கு ஏற்ப விரிய விடுவதும், இரண்டு வரியாக மடங்க இடம் கொடுப்பதும்தான் தீர்வு. ‘விண்ணப்பித்திருப்பவர்களுக்கு’ போன்ற ஒரே சொல் அதற்கான பெட்டியை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு நிற்பதும் உண்டு. தலைப்பின் எழுத்தளவைச் சிறு திரையில் குறைத்தால் சரியாகும்.

வரி உயரத்தைப் பாருங்கள். கி, கீ போன்றவற்றின் மேல் வளைவும் கு, கூ போன்றவற்றின் கீழ்ப்பகுதியும் முட்டிக்கொள்ளாமல் இருக்க எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கு உயரம் வேண்டும். உயரம் இறுக்கமான பட்டன்களில் கொக்கிகள் வெட்டுப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கித் தலைப்பைப் பிரித்துக் காட்டியிருந்தால், தமிழில் அந்த வேறுபாடு காணாமல் போகும். தடிமனாலோ அளவாலோ காட்டச் சொல்லுங்கள்.

மொழி மாற்றும் பட்டனை அழுத்தினால் இருந்த பக்கத்திலேயே இருக்க வேண்டும். முகப்புக்குத் தூக்கி எறிந்தால் நிரப்பிய படிவம் போச்சு. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறித்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். குறிக்காவிட்டால், பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் வேற்று மொழிக் குரலில் தமிழைப் படிக்க முயன்று தடுமாறும். குறுஞ்செய்தியையும் மறக்க வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் என்றால், தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துகளுக்கு 70தான். அதிலும் உயிர்மெய்யின் கொக்கி, புள்ளி ஒவ்வொன்றும் தனியாக எண்ணப்படும். புகார் எண் செய்தியின் முதலிலேயே வரட்டும்.

அணுகல்தன்மை பற்றி எனக்கு ஆழமாகத் தெரியாது. அரை மணி நேரத்தில் எதைச் சோதிக்கலாம்?
– வாசகர்

மவுஸைத் தொடாமல், டாப் (Tab), எண்டர் உள்ளிட்ட விசைப்பலகை விசைகளை மட்டும் வைத்து ஒரு புகாரை அனுப்பிப் பாருங்கள். இப்போது எங்கே இருக்கிறோம் என்று காட்டும் ஓரக் கட்டம் தெரியவில்லை என்றால், அழகுக்காக அதை யாரோ நீக்கியிருக்கிறார்கள். வரைபடத்துக்குள் போன டாப் வெளியே வராமல் சிக்கிக்கொள்வதும் அடிக்கடி நடப்பதுதான்.

பிறகு கணினியில் 1280 பிக்சல் அகல ஜன்னலை 400% பெரிதாக்குங்கள். இது 320 பிக்சல் திரைக்குச் சமம். பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும். வரைபடம், பெரிய அட்டவணை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டை பாதித் திரையை விழுங்குகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து ஸ்க்ரீன் ரீடர். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் ஏற்கெனவே இருக்கின்றன. விண்டோஸுக்கு என்விடிஏ இலவசம். முகப்பில் ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று மட்டும் கேட்டால் ஐகான்களுக்குப் பெயர் வைக்கவில்லை என்று அர்த்தம். தொடுமிடங்களின் அளவு, 2023 அக்டோபரில் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2இன்படி குறைந்தது 24க்கு 24 பிக்சல். கைப்பேசியில் 44 இருந்தால் விரலுக்கு நிம்மதி. லைட்ஹவுஸ் போன்ற தானியங்கிக் கருவி 100 மதிப்பெண் கொடுத்தாலும் இந்தச் சோதனைகளைக் கைவிடாதீர்கள். படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியும். அந்த விளக்கம் சரிதானா என்று தெரியாது.

வேகம் பற்றிக் கருத்து சொல்ல ஏதாவது அளவு உண்டா?
– வாசகி

கூகுளின் மூன்று அளவுகள் போதும். பக்கத்தின் முதன்மை உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் திரையில் மாற்றம் தெரிய வேண்டும். பக்கத்தில் பொருள்கள் எதிர்பாராமல் இடம் மாறுவதற்குத் தரப்படும் மதிப்பெண் 0.1ஐத் தாண்டக் கூடாது. மூன்றாவதை அலட்சியம் செய்யாதீர்கள். அறிவிப்புப் பட்டை தாமதமாக வந்து எல்லாவற்றையும் கீழே தள்ளினால், ‘சேமி’ என்று நினைத்து ‘நீக்கு’ மேல் விரல் விழும்.

கருத்து கேட்டோம். பலரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் மெனுவை மறைக்கச் சொல்கிறார், இன்னொருவர் விரிக்கச் சொல்கிறார். எப்படி முடிவெடுப்பது?
– திட்ட ஒருங்கிணைப்பாளர்

வாக்கெடுப்பு மட்டும் நடத்தாதீர்கள். கருத்து சொன்ன பலரும் கணினியில் பழகிய தன்னார்வலர்களாக இருப்பார்கள். தளத்துக்கு வருபவர்கள் அப்படி அல்ல.

எல்லாக் குறிப்புகளையும் ஒரே அட்டவணையில் போட்டு, எந்த வேலையைப் பாதிக்கிறது என்று பிரியுங்கள். எந்த வேலையோடும் சேராத குறிப்புகள் தனியே ஒதுங்கும். அவற்றைக் கடைசியில் பார்க்கலாம். முரண்படும் இரண்டு குறிப்புகளின் அடியில் பெரும்பாலும் ஒரே சிக்கல் இருக்கும். மெனுவை மறைக்கச் சொன்னவரும் விரிக்கச் சொன்னவரும் ‘புகார் நிலை’யைத் தேடியிருக்கலாம். அது மெனுவுக்குள் இல்லாமல் பக்கத்திலேயே இருந்தால் இருவருக்கும் வேலை முடிந்தது. என்ன தேடினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பேச்சால் தீராதவற்றைப் பயனர்களிடம் கொண்டுபோங்கள். ஐந்து பேர் போதும் என்று நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதியதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒருவர் சராசரியாக 31% சிக்கல்களை வெளிப்படுத்துவார் என்று கொண்டால், ஐந்து பேருக்குள் ஏறக்குறைய 85% வந்துவிடும். ஆனால் இது ஒரே வகைப் பயனர்களுக்கான கணக்கு. புகார் கொடுப்பவர், அதைப் பெற்று நடவடிக்கை எடுக்கும் அலுவலர் இருவரும் பயன்படுத்தும் தளமென்றால் இரு தரப்பிலும் தனித்தனியே ஆள் வேண்டும். சோதனையின்போது உதவி செய்யாதீர்கள். ‘இதைத் தொடுங்கள்’ என்று சொல்லிவிட்டால், அவர் எங்கே மாட்டிக்கொண்டிருப்பார் என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

முடிவெடுப்பவர் ஒருவர் என்று முன்பே அறிவியுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் ‘இப்போதே செய்கிறோம்’, ‘அடுத்த பதிப்பில்’, ‘செய்யப் போவதில்லை, காரணம் இது’ என்று ஒரு வரி பதில் போடுங்கள். பதில் கிடைக்காதவர்கள் அடுத்த முறை எழுத மாட்டார்கள்.

டிசைனரும் சம்பளமில்லாமல் உழைப்பவர்தான். குறை சொன்னால் மனம் நோகுமே?
– ஒரு தன்னார்வலர்

‘நீங்கள் பட்டனை மறைத்துவிட்டீர்கள்’ என்பதற்குப் பதில் ‘பட்டன் கண்ணில் படவில்லை’ என்று எழுதினால் பாதிக் காயம் குறையும். நல்லதையும் துல்லியமாகச் சொல்லுங்கள்: ‘புகார் எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டு, நகலெடுக்கும் பட்டனையும் வைத்தது மிக உதவியாக இருக்கிறது, இதை மாற்ற வேண்டாம்.’ இதை மரியாதைக்காக மட்டும் சொல்வதாக எண்ண வேண்டாம். எதைத் தொடக் கூடாது என்று தெரியாவிட்டால், திருத்தும்போது நன்றாக இருந்ததும் சேர்ந்து போய்விடும். தீவிரம் 4 உள்ளதைத் தொலைபேசியில் முதலில் சொல்லிவிட்டு, பிறகு எழுத்தில் அனுப்புங்கள். பொதுக் குழுவில் முதல் தடவையாகப் படிக்கும்படி விடாதீர்கள்.

புதிய தளம் இன்னும் சில வாரங்களில் வெளியாகிறது. கடைசி நேரத்தில் எதைக் கேட்பது பயனுள்ளது?
– உறுப்பினர்

டிசைனை விட்டுவிட்டு, பழைய தளம் என்னவாகிறது என்று கேளுங்கள். அதன் லிங்க்குகள் வாட்ஸ்ஆப் செய்திகளிலும் அச்சிட்ட அறிவிப்புகளிலும் க்யூஆர் கோடுகளிலும் இருக்கின்றன. ஒவ்வொரு பழைய முகவரியும் ‘301’ எனப்படும் நிரந்தரத் திசைமாற்றம் வழியாக அதற்கு இணையான புதுப் பக்கத்துக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்கே அனுப்புவது, தேடி வந்தவரைத் தெருவில் விடுவதற்குச் சமம். அதிகம் பார்க்கப்படும் 50 பழைய முகவரிகளை எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பழைய புகார் எண்ணைப் புதுத் தளத்தில் போட்டால் நிலை தெரிகிறதா என்பதையும் பாருங்கள்.

முடிந்தால் சில வாரங்களுக்கு இரண்டு தளங்களையும் சேர்த்து ஓட விட்டு, புதியதற்கு வருபவர்களில் படிவத்தைத் தொடங்கி முடிப்பவர்களின் விகிதத்தைப் பழையதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். குறைந்திருந்தால், எந்தப் படியில் விட்டுப் போகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை பழையதை மூட வேண்டாம்.